அடையாளம் கேட்டவள்

கடைத்தெருவில் காபி கிளப் வைத்திருந்தவர் ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தார். வாசலில் எச்சில் இலைகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கறுத்து, அழுகி, சேறு வடிந்துகொண்டிருந்த இலைகள். பக்கத்தில் வெறுங்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஆற்றில் தூர் வாருகிற அவள் நின்றிருந்தாள். காபி குடிக்கப் போன நானும் அங்கே இருந்தேன்.

"இன்னாடி இது? நாஷ்டா நேரத்துல வந்து பேஜார் பண்றே?" என்றார் கிளப்காரர்.

"உங்களுதுங்களா நைனா?" என்று கேட்டாள் அவள்.

"எச்ச எலைய வாசல்ல கொட்டிட்டு, என்னுதான்னு வேற கேக்கறியா?"

"ஆத்துல கெடந்துது நைனா. கரையில போட்டா நாலு நாள்ல திரும்பி ஆத்துக்குள்ளதான் வுயும். அதான் உடையவங்களாண்டயே குடுத்துட்டுப் போலாம்னு எடுத்தாந்தேன்."

"என்னுதுன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எல மேல உங்க சாம்பாரு இன்னும் கீதே."

உள்ளே காத்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வண்டிக்காரர் ஒருவர், "நைனா, நல்லா கயுவி வையி, மத்தியானத்துக்கு ஆவும்" என்றார். கிளப்காரர் முகம் சிவந்து திட்டித் தீர்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. திட்டி முடிந்ததும், "அப்ப வரேன் நைனா" என்று கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி ஆற்றில் இறங்கிவிட்டாள்.

ஆறு என்று நாங்கள் சொல்வோமே தவிர, அது செய்யாற்றிலிருந்து பிரிந்து வரும் ஒரு வாய்க்கால். உத்திரமேரூர் வட்டத்தில் சந்தை கூடுகிற ஊர் எங்களுடையது. கால் ஊருக்குள் புகுந்து, கடைத்தெரு வீடுகளின் பின்புறத்தை ஒட்டியே அரை மைல் ஓடி, ஏரியில் போய் விழும். அந்த அரை மைலுக்குள் நாங்கள் அதற்குச் செய்யாத அக்கிரமம் இல்லை. நெல் மிஷினில் புழுங்கல் அவித்த தண்ணீர், சாயம் தோய்க்கிறவர்கள் கொட்டும் தண்ணீர், கக்கூஸ் கழிவு, செத்த நாய், சாவு விழுந்த வீட்டுப் பாய் தலையணை எல்லாம் அதில்தான். வீட்டுக்கு வீடு பின்வாசல் உண்டு. கதவைத் திறந்து கையை நீட்டினால் ஆறு. போட வேண்டியதைப் போட்டுவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுவோம்.

இரண்டு வருஷம் நல்ல மழை பெய்தும் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. கடைமடையில் இருந்த என் நிலம் கதிர் வருகிற நேரத்தில் கருகிப் போயிற்று. என்னைப் போல் பத்துப் பேர் நிலம் கருகின பிறகுதான் பஞ்சாயத்து போர்டுக்குப் புத்தி வந்தது. சேரியிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைக் கூலிக்கு வைத்து, வருஷா வருஷம் சித்திரையில் ஆரம்பித்து ஆடிக்குள் ஆற்றைச் சுத்தம் செய்வது என்று முடிவானது. ஐம்பதுகளின் கடைசி வருஷங்கள் அவை. அந்தக் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி.

அவள் பேர் எனக்குத் தெரியாது. மூன்று கோடை என் வீட்டுப் பின்வாசலில் வேலை செய்தாள். நான் கேட்டதில்லை. "ஏய்", "இந்தா" என்றே காரியம் நடந்துவிட்டது. அவர்கள் வேதக்கோயிலுக்குப் போகிறவர்கள், அதனால் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டாள் என்பது மட்டும் தெரியும். நாற்பது வயது இருக்கும், நல்ல உயரம். இன்று எழுத உட்காரும்போது 'அந்த அம்மாள்' என்று மரியாதை போடத்தான் கை போகிறது. ஆனால் அன்று என் மனசுக்குள்கூட அந்த மரியாதை இருந்ததில்லை. காகிதத்தில் மட்டும் போட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஆகவே அவள் என்றே எழுதுகிறேன்.

சேற்றில் எது கிடைத்தாலும் உடையவரைத் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது அவள் குணம். கம்பவுண்டர் வீட்டுப் பின்னால் மட்டும் நாற்பது மருந்து பாட்டில் கிடைத்தது. அத்தனையையும் கழுவி, சின்னது பெரிசு பார்த்து அவர் படியில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, "உங்களுதுங்களா?" என்று நின்றாள். மனுஷருக்குக் கோபமே வரவில்லை, வாயெல்லாம் பல். அந்த வருஷம் இருமல் வந்தவர்கள் எல்லாம் ஆற்றில் கிடந்த பாட்டிலில்தான் மருந்து வாங்கிக் குடித்தோம்.

கணக்குப்பிள்ளை வீட்டில் குழந்தையின் வெள்ளிக் கொலுசு காணாமல் போய், வேலைக்காரப் பெண் எடுத்துவிட்டாள் என்று அவளை அடித்து விரட்டியிருந்தார்கள். ஒரு வருஷம் கழித்து அது ஆற்றுச் சேற்றில் அகப்பட்டது. அன்று நான் கணக்குப்பிள்ளையைப் பார்க்கப் போயிருந்தேன். ஆற்றிலிருந்து ஏறி வந்து அவள் பின்வாசலில் நின்று, "கொலுசு ஒண்ணு கெடச்சிது. உங்களுதுங்களா?" என்றாள். அவர் மருமகள் ஓடி வந்தாள். அவள் மூடிய கையைத் திறக்கவில்லை.

"அடையாளம் சொல்லுங்கம்மா."

"எங்க வூட்டு கொலுசுக்கு நான் உனக்கு அடையாளம் சொல்லணுமா? கொழுப்பப் பாரு."

"சொன்னாதாம்மா தெரியும். நாளைக்கு இன்னொருத்தவங்க வந்து எங்களுதுன்னா நான் இன்னா பண்றது?"

மருமகள் முறைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "பத்து மணி தொங்கும். கொக்கி ஒடஞ்சிப் போயி செவப்பு நூலு போட்டுக் கட்டியிருக்கும்."

அவள் கையைத் திறந்து தன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. கொலுசைப் படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப் போய் நின்றாள். அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். அவர்கள் எங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள், நாங்களும் வாங்க மாட்டோம். படியில் வைத்ததை எடுத்துத் தண்ணீர் தெளித்துக்கொள்வோம். அதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்கு அன்று தோன்றியதே இல்லை.

"அந்த வேலைக்காரப் பொண்ணாண்ட ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இலைக் குவியலைக் கொட்டியபோது இருந்த முகம்தான் கொலுசைக் கொடுத்தபோதும் இருந்தது. அந்த முகத்தைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஊரிலும் அப்படித்தான். அவள் கூடையோடு ஒரு தெருவில் நுழைந்தால், யார் வீட்டுக்குப் போகிறாளோ என்று எல்லோரும் கதவு இடுக்கில் பார்ப்பார்கள்.

அவள் வேலை செய்கிற முறை விசேஷமானது. ஏரிப் பக்கம் ஆரம்பித்து மேல்நோக்கித்தான் வருவாள். மேலிருந்து ஆரம்பித்தால் கலங்கின சேறு சுத்தம் செய்த இடத்தில் வந்து படியும் என்பாள். மண்வெட்டியைப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வெறுங்காலை மெள்ளச் சேற்றுக்குள் விட்டுத் துழாவுவாள். அப்புறம்தான் மற்றவர்களை வெட்டச் சொல்வாள். ஒரு நாள் பின்வாசலில் நின்று நான் கேட்டேன். "ஏன் இப்பிடி மெனக்கெடறே? வெட்டி வாரிப் போட்டுக்கினு போவ வேண்டியதுதானே?"

"மம்முட்டிக்குக் கண்ணு கெடையாது நைனா. உள்ள ஒரு பொருள் கீதுன்னா ரெண்டாப் பொளந்துடும். காலுதான் பாக்கும்" என்றாள்.

இரண்டாவது கோடையில் அவள் கூட்டத்தில் ஒரு பெண்ணுக்கு அரிக்கேன் விளக்கின் உடைந்த கண்ணாடிக் குழாய் கையில் ஏறி, உள்ளங்கை கிழிந்துவிட்டது. அந்த வாரம் பஞ்சாயத்து போர்டு கூட்டம். நான் அங்கத்தினன் இல்லை. ஆனால் கிருத்திகைக்குக் கிருத்திகை முருகன் கோயிலில் அபிஷேகம் நடத்துகிறவன் என்பதால் என் பேச்சுக்கு மரியாதை உண்டு. எழுந்து நின்றேன்.

"ஆத்துல கண்ணாடி போடறவன் மனுசனா? அவன் வூட்டுப் பொம்பளைங்க அந்த சேத்துல எறங்குவாங்களா? தண்டோரா போடுங்க. இனிமே எவன் போட்டான்னு தெரிஞ்சாலும் அவன் பேர கோயில் சுவத்துல எழுதி வையிங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். முருகனே என் நாக்கில் உட்கார்ந்து பேசினதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் தண்டோராவும் போட்டார்கள்.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பூஜை அறையில், வள்ளி தெய்வானையோடு முருகன் நிற்கிற, தகரத்தில் அச்சடித்த படம் ஒன்று என் தகப்பனார் காலத்திலிருந்து இருந்தது. அந்த வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அது கீழே விழுந்து, கண்ணாடி மேலிருந்து கீழ் வரை விரிந்துவிட்டது. விரிசல் விட்ட படம் வீட்டில் இருக்கக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது பெரியவர்கள் சொல். செய்யாற்றுக்கு ஐந்து மைல். வண்டி மாடு இரண்டும் நெற்களத்தில் போரடியில் இருந்தன. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, படத்துக்குப் பூ வைத்து, கற்பூரம் காட்டி, பின்வாசல் வழியாக எங்கள் ஊர் ஆற்றில் விட்டேன். அப்போது அதில் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கவில்லை. கறுப்பாகத் தேங்கித்தான் நின்றது. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெள்ள உள்ளே போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டிருக்கலாம். சுற்றிலும் ஆணி அடித்திருந்தது, சாமி மேல் குறடு வைக்க மனம் வரவில்லை. அப்புறம் அதை மறந்தே போனேன். பஞ்சாயத்தில் எழுந்து நின்று கண்ணாடி, கண்ணாடி என்று கத்தியபோதுகூட அந்தப் படம் என் நினைவுக்கு வரவில்லை. நான் ஆற்றில் விட்டது சாமியை. கண்ணாடி போடுகிறவன் வேறு எவனோ.

தண்டோரா போட்டு நாலைந்து நாள் இருக்கும். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இரண்டு பேர் வந்து, என் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவள் வந்தாள். காலில் சுற்றியிருந்த கந்தல் நனைந்து சிவப்பாக இருந்தது. கையில் முந்தானையால் மூடின ஒரு பொருள். படியில் வைத்து முந்தானையை விலக்கினாள்.

முருகனும் வள்ளியும் தெய்வானையும். சேறு எல்லாம் போகத் துடைத்திருந்தாள். நிறம் கொஞ்சம் மங்கியிருந்தது, அவ்வளவுதான்.

"உங்களுதுங்களா நைனா?" என்றாள். "கண்ணாடிய மட்டும் எடுத்துட்டேன்."

அங்கத்தினர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சாமி படத்த எந்தப் பாவி கண்ணாடியோட போட்டான்? அன்னிக்குப் பேசினீங்களே, தோ ஆப்ட்டுக்கினான் பாருங்க உங்க ஆளு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

என் வாய் தானாகச் சொல்லிற்று. "எங்களுது இல்ல."

அவள் படத்தைத் திரும்ப மூடவில்லை. "எங்க வூட்டு முருகரு உள்ள கீறாரு பாரு" என்று கதவைத் தள்ளிக் காட்டினேன். வாலாஜாபாத்தில் வாங்கி வந்த புதுப் படம், மாலையோடு பளபளவென்று இருந்தது. நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள்.

"இவுரு புதுசுங்களே" என்றாள்.

குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. ஆற்றில் நின்று வேலை செய்கிறவளுக்கு வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பூஜை அறைக் கதவு திறந்திருப்பதும் உள்ளே பழைய படத்துக்கு விளக்கு எரிவதும் போன கோடை முழுக்கத் தெரிந்திருக்கிறது. அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. நான் மோர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரிங்க நைனா. உடையவங்க தேடிக்கினு வருவாங்க. அதுவரிக்கும் என்னாண்ட இருக்கட்டும்" என்று படத்தை எடுத்து மறுபடி மூடிக்கொண்டு போனாள். படியிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும் ஒற்றைக் கால் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

அங்கத்தினர்கள் போன பிறகு என் மனைவி சாணித் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவினாள். கழுவிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "நம்ப படந்தானே அது? பின்னால புள்ளைங்க பொறந்தது எல்லாம் எழுதி வெச்சிருந்தீங்களே."

"வாய மூடு" என்றேன். அவள் மூடிக்கொண்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காயம் ஆறவில்லை. சேற்று விஷம் ஏறிக் கால் வீங்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள் என்று என் பண்ணையாள் வந்து சொன்னான். அவனிடமே ஒரு மரக்கால் அரிசி கொடுத்து, யார் கொடுத்தது என்று சொல்லாமல் வைத்துவிட்டு வா என்றேன். சாயங்காலம் அரிசி அப்படியே திரும்பி வந்தது.

"எங்களுது இல்லியாம் நைனா. உடையவங்களாண்ட குடுத்துடுன்னு சொல்லிச்சி."

"நான் குடுத்தேன்னு சொன்னியா?"

"நான் சொல்லல நைனா. அது கேக்கவும் இல்ல."

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. அவள் சுத்தம் செய்துவிட்டுப் போன ஆற்றில் தண்ணீர் தங்கு தடையில்லாமல் வந்து ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. கடைமடையில் என் நிலம் அமோகமாக விளைந்தது. தை மாதம் புது அரிசியில் முருகனுக்குப் பொங்கல் வைத்துப் படைத்தேன். கை கூப்பினேனே தவிர, கண்ணைத் திறந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தச் சாப்பாட்டில் யாருடைய காலோ இருந்தது.

மூன்றாவது கோடையிலும் அவள் வந்தாள். ஆனால் ஆற்றில் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து, எங்கே எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே மண்வெட்டிகள் எதையும் பார்க்காமல் விழுந்துகொண்டிருந்தன. வழியில் என்னைக் கண்டால் எழுந்து, "கும்புடறேன் நைனா" என்பாள். நான் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடப்பேன்.

பிறகு ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போனேன். செய்த தப்பை ஒப்புக்கொள்ளப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அப்படிப் போகவில்லை. என் மூத்த பெண்ணுக்குத் தாமல் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஜாதகம் கேட்டார்கள். அவளுக்கு நாங்கள் ஜாதகம் கணித்திருக்கவில்லை. பிறந்த நாளும் நேரமும் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தது. படத்தின் பின்பலகையில், என் கையெழுத்தில், பென்சிலால். ஆற்றில் விட்டபோது அதைப் பெயர்த்து எழுதிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

நடு மத்தியானம். அந்தத் தெருவுக்குள் அதற்கு முன் நான் போனதில்லை. வாசலில் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். உட்காரச் சொல்லவில்லை. சொன்னால் நான் உட்கார்ந்திருப்பேனா என்பதும் தெரியவில்லை.

"அந்தப் படம்..." என்றேன்.

"கீதுங்க நைனா."

"எங்களுதுதான் அது."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அடையாளம் சொல்லுங்க நைனா" என்றாள்.

கணக்குப்பிள்ளை மருமகளிடம் கேட்ட அதே கேள்வி, அதே குரல். நாலைந்து பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன். "பின்னால பென்சிலால எங்க புள்ளைங்க பொறந்த நாளு எழுதியிருக்கும். மூணு பேரு. நடுவுல ஒண்ணு அடிச்சிருக்கும், அது தவறிப் போன புள்ள."

"அப்பறம்?"

"கண்ணாடி மேலேந்து கீழ வரிக்கும் விரிஞ்சிருக்கும்."

"சரியா கீது" என்று உள்ளே போனாள். சுவரில் சிலுவை மாட்டியிருந்தது. அதற்குக் கீழே இருந்த தகரப் பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றின படத்தை எடுத்து வந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். அவள் பழக்கப்படி அதைத் தரையில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றாள். கையில் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குனிந்து எடுத்துக்கொண்டேன்.

கிளம்பியவன் நின்றேன். "உன் காலு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். "அது என்னுதுங்க நைனா" என்றாள்.

நான் திரும்பினேன். "நைனா, இருங்க" என்று மறுபடி உள்ளே போய், சின்னத் துணி முடிச்சு ஒன்றை எடுத்து வந்தாள். உள்ளே கண்ணாடித் துண்டுகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம் கேட்டது.

"இதுவும் உங்களுதுதான்" என்றாள். "இத்தக் கீய வெக்கக்கூடாது நைனா. யாரு கால்லனா ஏறிடும். கைய நீட்டுங்க."

நீட்டினேன். அவள் என் உள்ளங்கையில் அந்த முடிச்சை வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

கல்யாணம் நடந்தது. பெண் நன்றாக இருக்கிறாள். பழைய முருகன் மறுபடி எங்கள் பூஜை அறையில், கண்ணாடி இல்லாமல் மாட்டியிருக்கிறான். முடிச்சை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. புதைக்க மனம் வரவில்லை, அதனால் படத்துக்குப் பின்னாலேயே ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை துடைப்பதற்குப் படத்தை இறக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படும். உங்களுதுங்களா என்று கேட்கும். எங்களுதுதான் என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கு ஏற்றுகிறேன்.